குச்சிக்கிழங்குத் தழை

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தெருவுக்கு எழிலரசி குடிவந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. அவள் பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம். இது அவள் கணவன் கலைவாணனின் ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் மெஷின் ஓட்டியவன் அவன். முதுகுத் தட்டு விலகிவிட்டது, இனிமேல் எடை தூக்கக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டுவிட்டு, மனைவியையும் மகள் கனிமொழியையும் கூட்டிக்கொண்டு அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு சென்ட் இடம் முள்ளும் உடைந்த ஓடுமாகக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்யவே எழிலரசிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. குனிய முடியாத ஆள் எப்படி மண்ணில் வேலை செய்வது என்று யோசித்து, ஹாலோபிளாக் கல்லை மூன்று வரிசை அடுக்கி, உள்ளே மண்ணும் சாணமும் மக்கிய இலையும் நிரப்பி, இடுப்பளவு உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பாத்திகள் கட்டினார்கள். மொத்தம் எட்டு. கலைவாணன் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாத்தியாக நகர்ந்து களை எடுப்பான், விதை ஊன்றுவான், கொடி கட்டுவான். மூலையில் கம்பி வலை அடித்துப் பதினாறு நாட்டுக்கோழிகள். அரைக்கீரை, முள்ளங்கி, தக்காளி, கொத்தவரை, முட்டை எல்லாம் வீட்டுக்குப் போக மீந்ததைத் தெருவில் உள்ளவர்களே வந்து வாங்கிப் போனார்கள். கம்பெனியை விட்டு வந்த அன்று எழிலரசிக்கு இருந்த பயம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது.

தொந்தரவு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே குள்ளம்மாள் தனியாக இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவன் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அவளுக்கு என்று இருந்தது ஐந்து வெள்ளாடுகள். கலைவாணன் அவளைச் சின்னம்மா என்று கூப்பிடுவான். அந்த முறைக்கு எழிலரசிக்கு அவள் அத்தை.

மாசி மாதம். காடெல்லாம் காய்ந்துவிட்டது. ஆடுகளின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பச்சை எழிலரசியின் பாத்திகள்தான். அதுவும் தரையில் இல்லை, அவற்றின் வாய் உயரத்துக்கு மேடை கட்டிப் பரிமாறி வைத்தது போல இருந்தது. வேலிக்குக் கட்டியிருந்த பச்சை நெட் வலையை முட்டி முட்டி ஓட்டை போட்டுவிட்டு உள்ளே வந்துவிடும். அதில் புள்ளி என்ற ஆடுதான் முன்னால் நிற்கும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. நாலு மாதச் சினை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு எப்படித்தான் நுழையுமோ.

அந்த வியாழக்கிழமை காலையில் எழிலரசி பின்பக்கம் போனபோது கொத்தவரை நாற்று ஒன்றுகூட மிச்சமில்லை. இரண்டு பாத்தி முழுக்க வெறும் தண்டு. முள்ளங்கியைப் பிடுங்கிப் போட்டு மிதித்திருந்தது. கல் மேல் முன்னங்காலை வைத்துக்கொண்டு புள்ளி கடைசித் தக்காளிக் கொழுந்தை மென்றுகொண்டிருந்தது.

அவள் ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கொத்தனார் தீர்த்தகிரி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குள்ளம்மாளும் அங்கேதான் இருந்தாள்.

"இத பாருங்கத்த, எத்தன வாட்டி சொல்றது? ஆட்ட கட்டிப் போடுங்க, கட்டிப் போடுங்கன்னு நாயா கத்துறேன். அவரு முதுக புடிச்சிக்கினு ஒக்காந்து ஊனுன நாத்துங்க அது."

"வாயில்லா சீவன். அதுக்குத் தெரியுமா உம் பாத்தி எம் பாத்தின்னு? நீ வேலிய ஒழுங்கா கட்டு."

"வேலிய நான் கட்டணும், ஆட்ட நீங்க அவுத்து உடுவீங்களா? இன்னொரு வாட்டி உங்க ஆடு எம் பாத்தியில வாய வெச்சிதுன்னா மருந்து வெச்சிருவேன். சொல்லிட்டேன்."

"வெய்யி. வெச்சிட்டு நீயே வந்து பொதைச்சிட்டுப் போ."

குடம் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைவாணன் வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

"இன்னா பேச்சு பேசுற எழிலு? மருந்து அது இதுன்னு."

"வெக்கவா போறேன்? கோவத்துல வந்திருச்சிங்க."

அவனுக்கு அன்று தருமபுரியில் முதுகுக்குப் பயிற்சி எடுக்கும் நாள். பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டான். கனிமொழி பள்ளிக்கூடம் போயிருந்தாள். எழிலரசிக்குக் கோபம் ஆறவில்லை. சும்மா உட்காரவும் முடியவில்லை. ஆடு எட்டாத இடமாகப் பார்த்துக் கொத்தவரையை மறுபடி ஊன்றிவிட வேண்டும் என்று கிளம்பினாள். சுவரோரம் எட்டுக் குச்சிக்கிழங்குச் செடிகள் நின்றன. மரவள்ளியை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். போன வருடம் கலைவாணன் நட்டது, அவளை விட உயரமாக வளர்ந்து கிழங்கு வைத்திருந்தது. அந்த இடத்தைக் காலி செய்வதற்காகத் தண்ணீர் விட்டு மண்ணை நெகிழ்த்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கிழங்கைச் சாக்கில் போட்டாள். குச்சியைத் திரும்ப நடுவதற்கு ஒதுக்கி வைத்தாள். தழையெல்லாம் ஒரு பெரிய குவியலாகச் சேர்ந்துவிட்டது.

அதைக் கோழிக்குப் போடலாமா என்று யோசித்தாள். கோழிக்கு அவ்வளவு வேண்டாம். வாரி எடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆடுகள் வரும் சந்தில் போட்டாள். இதையாவது தின்று தொலைத்துவிட்டு என் பாத்தியை விடட்டும் என்பதுதான் அவள் நினைப்பு. அதில் பாதி எரிச்சல், பாதி இரக்கம். அவள் பிறந்த ஊரில் கேழ்வரகும் கொள்ளும் பீன்ஸும் தெரியும். குச்சிக்கிழங்கை அவித்துத் தின்றிருக்கிறாளே தவிர, அதன் தழை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி ஒரு சந்தர்ப்பம் வந்ததும் இல்லை.

இரண்டு மணி தாண்டியிருக்கும். அவள் கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து அலறல் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தாள். குள்ளம்மாள் வீட்டு வாசலில் புள்ளி பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. வாயில் நுரை. கால்கள் இழுத்து இழுத்து உதைத்தன. வயிறு உப்பி, மூச்சு துருத்தி போல் அடித்தது. குள்ளம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். எழிலரசியைப் பார்த்ததும் அவள் குரல் இன்னும் ஏறியது.

"பாவி, சொன்ன மாதிரியே வெச்சிட்டியே! வவுத்துப் புள்ளையோட இருக்குதேடி! உனக்குக் கை எப்டிடி வந்திச்சி?"

தெரு கூடிவிட்டது. காலையில் குழாயடியில் இருந்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவர்கூட எழிலரசியிடம் எதுவும் கேட்கவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். தீர்த்தகிரி மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, "பக்கத்து ஊர்லதான் ஊசி போட்டுக்கினு இருக்காங்களாம், கால் மணி நேரத்துல வந்துர்றாங்களாம்" என்றார். அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"நான் ஒண்ணும் வெக்கலங்க" என்றாள் எழிலரசி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடி வந்தாள். போன வாரம் தக்காளிக்கு இஞ்சி பூண்டு கரைசல் அடித்தது ஞாபகம் வந்தது. அதில் ஆடு சாகாது. எலிக்கு ஏதாவது வைத்தோமா? இல்லை. எறும்புப் பொடி? அது அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருந்தது. பின்பக்கம் வந்து வேலியோரம் நின்றாள். சந்தில் அவள் மலையாகக் கொட்டியிருந்த தழையில் காம்புகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

கலைவாணனுக்குப் போன் போட்டாள். அவன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, குச்சிக்கெழங்குத் தழைய ஆடு திங்கலாமா?"

"ஐயோ, கூடாது. பச்சத் தழை ஆட்டுக்கு வெசம். ஏன் கேக்குற?"

அவள் சொன்னாள்.

"எழிலு, நான் சொல்றத கேளு. நீ இப்ப அங்க போயி ஒண்ணும் சொல்லாத. காலையில அத்தன பேரு முன்னால மருந்து வெப்பேன்னு சொல்லியிருக்க. இப்ப நாந்தான் தழையப் போட்டேன்னு சொன்னா தெரியாமப் போட்டேன்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இந்த ஊர்ல சின்னக் கொழந்தைக்கும் தெரியும் அது. நான் வந்துர்றேன். வந்து பேசிக்கலாம்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கா மணி நேரம்."

அவள் போனை வைத்தாள். வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தது உண்மை. அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் முக்கால் மணி நேரம் அந்த ஆடு தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் ஐஸ்வர்யா போன வருடம்தான் அந்தப் பக்கத்துக்கு வந்தவர். சின்ன வயது. தரையில் மண்டியிட்டு ஆட்டின் கண்ணை விரித்துப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறு செக்கச் செவேலென்று இருந்தது.

"மருந்து வெச்சிட்டாங்கம்மா, பூச்சிமருந்து" என்று நாலு குரல் ஒன்றாகச் சொன்னது.

"யாராவது கண்ணால பாத்தீங்களா? பூச்சிமருந்துன்னா கண்ணு இப்படி இருக்காது. இது என்ன தின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஊசி, மாத்திப் போட முடியாது. எங்க மேஞ்சிச்சு? சொல்லுங்கம்மா."

குள்ளம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். அழுகை மட்டும் வந்தது.

எழிலரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"குச்சிக்கெழங்குத் தழைங்க டாக்டர். நாந்தாங்க போட்டேன். ஆட்டுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதாமா!" என்றது பின்னால் ஒரு குரல். யாரோ காறித் துப்பினார்கள்.

டாக்டர் அதையெல்லாம் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "எப்ப போட்டீங்க?"

"ஒரு மணி இருக்குங்க."

"எவ்வளவு?"

"எட்டுச் செடியோடதுங்க. பூராவும் காலியாயிருச்சி."

"பூராவுமா? இது ஒண்ணே அவ்வளவு தின்னிருக்காது. மத்த ஆடுங்க எங்க?"

அப்போதுதான் எல்லோருக்கும் மற்ற நாலு ஆடுகளின் ஞாபகம் வந்தது. தீர்த்தகிரி கொட்டகைக்கு ஓடினார். மூன்று நின்றுகொண்டிருந்தன. ஒன்று தலையைத் தொங்கப் போட்டு, எச்சில் வடிய, கால் தள்ளாடிக்கொண்டிருந்தது.

டாக்டர் பெட்டியைத் திறந்து மருந்தை ஊசியில் ஏற்றினார். "கழுத்து நரம்புல மெதுவா ஏத்தணும். அசையாமப் பிடிக்க ஒரு ஆள் வேணும்." குள்ளம்மாள் ஆட்டின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் எழிலரசியை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க உக்காருங்க. தலைய மடியில வெச்சு அழுத்திப் பிடிங்க."

எழிலரசி தரையில் உட்கார்ந்தாள். குள்ளம்மாளின் மடியிலிருந்த தலை அவள் மடிக்கு மாறியது. நுரை புடவையெல்லாம் ஒட்டியது. ஒரு கொம்பையும் தாடையையும் பிடித்துக்கொண்டாள். காலையில் அதே கழுத்துக் கயிற்றைத்தான் அவள் பிடித்து இழுத்து வந்தாள். ஊசி மெல்ல மெல்ல இறங்கியது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. தீர்த்தகிரி தண்ணீர் கொண்டு வந்தார். டாக்டர் ஏதோ ஒரு உப்பைப் பாட்டிலில் கரைத்துக் கொடுத்து, மற்ற நாலு ஆடுகளுக்கும் கடைவாயில் விட்டு ஊற்றச் சொன்னார். தள்ளாடியதற்கு ஓர் ஊசியும் போட்டார்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆட்டின் விலா எழும்பி இறங்குவதையே எழிலரசி பார்த்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கால் உதைப்பது முதலில் நின்றது. செத்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். பிறகு மூச்சு முன்போல் அடிக்காமல் நிதானமாக வருவது தெரிந்தது. காது ஒன்று ஈயை விரட்டுவதற்கு அசைந்தது.

"காது ஆடுது" என்றாள் அவள்.

"ம். பிடிய விடாதீங்க" என்றார் டாக்டர். அவர் குரலும் கொஞ்சம் இளகியிருந்தது.

இன்னும் கால் மணி நேரம் போயிருக்கும். புள்ளி தலையைத் தானாகத் தூக்கியது, சுற்றிலும் பார்த்தது, முன்னங்காலை மடக்கி எழப் பார்த்து விழுந்தது, மறுபடி முயன்று எழுந்து நின்றது. நின்ற இடத்திலேயே நிறைய மூத்திரம் பெய்தது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். எழிலரசிக்கு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன.

"பொழச்சிக்கும்" என்றார் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே. "இவங்க சொல்லலன்னா நான் வேற எதையாவது போட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். அதுக்குள்ள இது போயிருக்கும். மத்ததும் எத்தன போயிருக்கும்னு சொல்ல முடியாது."

"வவுத்துல இருக்கறதும்மா?" என்று கேட்டாள் குள்ளம்மாள். டாக்டர் வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அத இப்ப சொல்ல முடியாதும்மா. இன்னும் மூணு வாரம் இருக்கு. நடுவுல கலைஞ்சிட்டாலும் கலைஞ்சிரும். பாக்கலாம்."

கலைவாணன் வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. எழிலரசி பின்பக்கம் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க."

அவன் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நல்லதுதான்" என்றான்.

ஆனால் தெரு அதை நல்லதாக எடுத்துக்கொள்ளவில்லை. கலைவாணன் சொன்னது போலத்தான் ஆயிற்று. காலையில் மருந்து வைப்பேன் என்றாள், மத்தியானம் தழையைப் போட்டாள், ஆடு விழுந்ததும் பயந்துபோய் ஒத்துக்கொண்டாள் என்று பேச்சு ஓடியது. முட்டை வாங்க வருபவர்கள் வருவதில்லை. கீரைக் கட்டு வாடிக் கோழிக்குப் போயிற்று. அவள் குழாய்க்குப் போனால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் கனிமொழி பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். ஏழாவது படிக்கிறாள்.

"அம்மா, நீ வேணும்னே போட்டியா?"

"இல்ல கண்ணு. தெரியாமப் போட்டேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

"சரி. கிளாஸ்ல கேட்டாங்க. அப்ப அதையே சொல்லிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டாள்.

குள்ளம்மாள் ஆடுகளை அவிழ்ப்பதே இல்லை. கொட்டகையில் கட்டிவைத்து, எங்கிருந்தோ காய்ந்த சோளத்தட்டு வாங்கிப் போட்டாள். எதிரே பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூட எழிலரசிக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

ஆடு விழுந்த நாலாம் நாள் எழிலரசி ஒரு வேலை செய்தாள். டாக்டருக்குப் போன் செய்து சினை ஆட்டுக்கு எதெது கொடுக்கலாம் என்று கேட்டாள். தோட்டத்து மூலையில் இரண்டு அகத்தி மரம் இருந்தது. தினமும் காலையில் ஒரு கை அகத்தித் தழை ஒடித்து, குள்ளம்மாள் வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினாள். முதல் நாள் அது வெயிலில் கருகிக் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குள்ளம்மாள் அந்தக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பைநல்லூர் பஸ் ஏறினாள். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் மேஜை மேலேயே வைத்து, "இத குடுக்கலாமாம்மா? அவ குடுத்தா" என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் சிரித்துவிட்டு, "நாந்தான் சொன்னேன், தாராளமா குடுங்க" என்றாராம். மறுநாளிலிருந்து வாசலில் வைத்த தழை பத்து நிமிஷத்தில் காணாமல் போனது. பேச்சு மட்டும் இல்லை.

எழிலரசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுப்பாள். புள்ளி கத்துவது கேட்டால் அன்றைக்கு நிம்மதி.

இருபதாவது நாள் காலை. அவள் கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மணி இருக்கும்.

"எழிலு! ஏ எழிலு! ஓடியா!"

குள்ளம்மாளின் குரல். எழிலரசி தீவனச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு, வேலி நெட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நுழைந்தாள்.

கொட்டகையில் புள்ளி படுத்து முக்கிக்கொண்டிருந்தது. ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. "அரமணி நேரமா இப்டியே கீது. இன்னொரு காலு மடங்கிக்கிச்சி போல. எங்கை பெருசு, உள்ள போவல. உங்கை சின்னது" என்றாள் குள்ளம்மாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

எழிலரசி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். குள்ளம்மாள் சொல்லச் சொல்ல விரல்களை உள்ளே விட்டுத் தடவினாள். சூடாக, வழுவழுவென்று இருந்தது. மூக்கு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே மடங்கிய முட்டி. அதை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, குளம்பை உள்ளங்கையில் மூடிப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். "இப்ப அது முக்கறப்ப இழு, சும்மா இருக்கறப்ப இழுக்காத." ஆடு முக்கியது. இழுத்தாள். குட்டி ஒரே வழுக்காக வந்து அவள் மடியில் விழுந்தது.

அசையவில்லை.

"அத்த..."

"மூக்கத் தொடச்சி உடு, சீக்கிரம்!"

எழிலரசி புடவைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் வழித்துத் துடைத்தாள். குள்ளம்மாள் குட்டியின் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, வைக்கோலை முறுக்கி விலாவில் பரபரவென்று தேய்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி தேய்த்தாள். குட்டி ஒரு தும்மல் தும்மியது. பிறகு வாயைத் திறந்து, அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரலில் கத்தியது.

குள்ளம்மாள் அதைக் கீழே விட்டுவிட்டு அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அடுத்த பத்து நிமிஷத்தில் இரண்டாவது குட்டி யார் உதவியும் இல்லாமல் தானாகவே வந்து விழுந்தது. புள்ளி இரண்டையும் மாறி மாறி நக்கியது.

சத்தம் கேட்டுத் தீர்த்தகிரியும் குழாயடிப் பெண்கள் இரண்டு பேரும் வந்து கொட்டகை வாசலில் நின்றார்கள். எழிலரசி கூசிப்போய் எழுந்து நகரப் பார்த்தாள். குள்ளம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எங்க போற? இரு. நீங்களும் கேளுங்க தீர்த்தகிரி. அன்னிக்கு இவ மேல பழியப் போட்டேன் பாரு, நானும் ஒரு வேல பண்ணேன். இவ காலையில அத்தன பேரு முன்னால கத்துனதுல எனக்கு ரோசம் வந்திருச்சி. அதுக்கப்பறம் ஆட்டக் கட்டித்தான் போட்டிருந்தேன். மத்தியானமா நானேதான் அஞ்சையும் அவுத்து உட்டேன். போங்க, போயி அவ பாத்தியில இருக்கறதப் பூரா தின்னுட்டு வாங்கன்னு. நானே சந்து வரைக்கும் ஓட்டிக்கினு போயி உட்டுட்டு வந்தேன். சந்துல கெடந்தது இன்னா தழைன்னு குனிஞ்சி பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். பாக்கல. எங்கண்ணு இவ தோட்டத்து மேலதான் இருந்திச்சி."

குள்ளம்மாள் குட்டியின் ஈரத்தை வைக்கோலால் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"டாக்டரம்மா எங்க மேஞ்சிச்சின்னு கேட்டப்ப எனக்கு வாயி வரல. இவ வந்து சொன்னா. இவ வாய மூடிக்கினு இருந்திருந்தா அஞ்சும் போயிருக்கும். இத எப்டி இவகிட்ட சொல்றதுன்னுதான் இத்தினி நாளா மூஞ்சியத் திருப்பிக்கினு போனேன். கெட்ட எண்ணம் வெச்சவ நான். தெரியாமப் பண்ணவ இவ."

"உடுங்கத்த" என்றாள் எழிலரசி. "நானும் பேசக்கூடாதத பேசிட்டேன்."

"ஆமா, பேசுன. ரெண்டு பேருந்தான்."

தீர்த்தகிரி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வேலி நெட்டு ஓட்டையாப் போயிருச்சே. எங்கிட்ட சைட்டுல மீந்த கம்பி கெடக்குது. சாயங்காலம் கொண்டாந்து அடிச்சித் தர்றேன்" என்றார். கூட இருந்த பெண்களில் ஒருத்தி குட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "முட்டை இருக்காக்கா? வூட்டுல ஒண்ணும் இல்ல" என்றாள் எழிலரசியிடம், நேற்றுத்தான் வாங்கிப் போனவள் போல.

"இருக்குது. வந்து எடுத்துக்க."

எழிலரசி கை கால் கழுவிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தபோது கலைவாணன் கொத்தவரைப் பாத்தியோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். புதிதாக ஊன்றியது நாலு இலை விட்டிருந்தது. அவள் வந்து பாத்திக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதும் உடம்பே லேசாகிவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவன் பயந்துபோய்க் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டான்.

"இன்னா ஆச்சி எழிலு? குட்டி இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆகலங்க. ரெண்டு. ரெண்டும் பால் குடிக்குது."